மணல் தட்டு பிறந்த கதை

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத்தரும் மையங்களில் பெரும்பாலும் ஒரு தட்டு இருக்கும். நாலு பக்கமும் சட்டம் அடித்த பலகை, இல்லையென்றால் பிளாஸ்டிக் டிரே. உள்ளே அரை விரல் கனத்துக்குச் சலித்த மணல். எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிள்ளை ஆள்காட்டி விரலால் அதில் எழுதும். ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுதியது மறைந்துவிடும். மறுபடி எழுதும். ஆசிரியர் பயிற்சிகளில் இந்தத் தட்டு ஆர்ட்டன், கில்லிங்ஹம், ஃபெர்னால்ட் என்று அமெரிக்கப் பெயர்களோடு அறிமுகமாகிறது. கேட்பவர்களுக்கு அது அமெரிக்கச் சாமானாகவே மனதில் பதிகிறது. ஆனால் அதற்கு நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அதன் முதல் பாதி நம் திண்ணைகளில் நடந்தது.

இந்தக் கதையைக் கண்டாச்சிபுரத்திலிருந்து சொல்லக் காரணம் உண்டு. விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. அந்த வட்டாரம் முழுக்க எழுத்து நடந்து வந்த தடம் கிடக்கிறது. கீழ்வாலைப் பாறையில் செங்காவி ஓவியங்களும் குறியீடுகளும் இருக்கின்றன. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் தமிழ் பிராமியில் வெட்டப்பட்டிருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவத்தைக் காட்டக் கல்வெட்டு அறிஞர்கள் அங்கேதான் கூட்டிப் போவார்கள். நாம் இன்று எழுதும் எழுத்து இந்த உருவத்துக்கு வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. அதை ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுக்குள் கைவசப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் கைவசப்படுத்திக்கொள்கிறார்கள். புத்தி இருந்தும், பேச்சு இருந்தும், கை மட்டும் எழுத்துக்குப் பணியாத பிள்ளைகள் சிலர் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். மணல் தட்டு அவர்களுக்குரியது.

இருநூறு ஆண்டுக்கு முன் கண்டாச்சிபுரம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். தென்னார்க்காட்டிலிருந்து வந்த கணக்கு 875 பள்ளிகள். கட்டடம் கட்டிய பள்ளிகள் அல்ல, பெரும்பாலும் திண்ணைகள். வாத்தியார் ஒருவர், மூத்த பிள்ளைகளில் ஒருவன் சட்டாம்பிள்ளை, தரையில் பரப்பிய மணல். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை இழுத்துக் காட்டுவார்கள். பிள்ளை அந்தத் தடத்தின் மேலேயே விரலை ஓட்டும், எழுத்தை உரக்கச் சொல்லும், பிறகு தடத்தை அழித்துவிட்டுத் தானே எழுதும். மணலில் கை திருந்திய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும்.

திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கே நினைவு என்பது வெறும் மனப்பாடமாக இல்லாமல் கற்கும் முறையாகவே இருந்தது என்று காட்டியிருக்கிறார். வாயால் சொல்வதும் கையால் எழுதுவதும் காதால் கேட்பதும் ஒரே வேலையின் பகுதிகள். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பின்பாதியில் இதற்கு வேலை இருக்கிறது.

அந்தப் பள்ளிகளைப் போற்றிப் பாட நான் வரவில்லை. பெண் பிள்ளைகள் அங்கே அரிது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற தண்டனைகளைப் படித்தால் வயிறு கலங்கும். எழுத்து வராத பிள்ளைதான் அந்தத் தண்டனைகளை அதிகம் வாங்கியிருக்கும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மணலைத்தான், பிரம்பை அல்ல.

மணல் எழுத்தைப் பார்த்து எழுதிவைத்த வெளிநாட்டார்களில் இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே முந்தியவர். 1623இல் கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பில் நாலு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் நுண்மணல் தூவி, பாட்டாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினார்கள். மணல் நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவினார்கள். வாத்தியார் பக்கத்தில் இல்லை. மறந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வோம் என்றார்களாம். கைக்கும் வாய்க்கும் ஒரே நேரத்தில் வேலை, தவறு செய்தாலும் மேலே நிற்கிறவர் இல்லை. அந்த நாலு பிள்ளைகள் எவ்வளவு நிம்மதியாகப் படித்திருப்பார்கள்!

அடுத்து வருகிறவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், பாதிரியார். 1787இல் சென்னைக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையாட்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் தொடங்கப்பட்ட இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிப் பொறுப்பேற்றார். இன்று விழுப்புரத்திலிருந்து ரயிலேறிப் போய் நாம் இறங்குகிற அதே எழும்பூர். இல்லத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவே இல்லை. உதவி ஆசிரியர்களுக்குப் பொறுமை இல்லை. பெல் தவித்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்த் திண்ணைப் பள்ளி கண்ணில் பட்டது. அவர் குறிப்பில் அது ‘மலபார் பள்ளி’. அந்நாளைய ஐரோப்பியர்கள் தமிழர்களை அப்படித்தான் எழுதினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்டேன், கண்டேன் என்று வீட்டுக்கு விரைந்தாராம். பலகையில் மணலைப் பரப்பி அதே முறையில் கற்பிக்கும்படி கீழ்வகுப்பு ஆசிரியரிடம் சொன்னார். அவருக்கு மனமில்லை, முடியாது என்று தட்டிக்கழித்தார். பெல் விடவில்லை. மேல்வகுப்பிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். பையன் பெயர் ஜான் ஃபிரிஸ்கன். அவன் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் எழுதினார்கள்.

திண்ணையில் தரையோடு இருந்த மணல் பலகைக்கு ஏறியது இந்த இடத்தில்தான். இன்றைய தட்டு பிறந்ததும் இங்கேதான் என்பேன். அந்த எட்டு வயதுப் பையனின் பெயர் கல்வி வரலாற்று நூல்களில் நிற்கிறது. பெல் குதிரையை நிறுத்திப் பார்த்த அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெல் 1796இல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே லண்டனில் தன் சென்னைச் சோதனையைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். 1798இல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியிலிருந்த செயின்ட் பொடால்ஃப் தருமப் பள்ளி அந்த முறையை எடுத்துக்கொண்டது. அதே காலத்தில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசஃப் லங்காஸ்டர் மணல் மேசையே செய்துவிட்டார். நீளப் பலகை, ஓரச் சட்டம், உலர்ந்த மணல், எழுதியதைச் சமப்படுத்த ஒரு தேய்ப்பான். எழுத்துகளை அகர வரிசையில் கற்பிக்காமல், நேர்கோட்டு எழுத்துகள், சாய்கோட்டு எழுத்துகள், வளைவு எழுத்துகள் என்று கை போகும் போக்கை வைத்து மூன்றாகப் பிரித்தார். மணல் யோசனை பெல்லிடமிருந்து வந்தது என்று 1803இல் அவரே நூலில் ஒப்புக்கொண்டார். பிற்பாடு இருவரின் ஆதரவாளர்களும் இது யாருடைய கண்டுபிடிப்பு என்று ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கம்பெனி இயக்குநர் சபை 1814 ஜூன் 3 அன்று அனுப்பிய கடிதம், இந்த முறை நெடுங்காலமாக இந்தியாவில் இருந்துவருவது, சென்னையிலிருந்த பெல் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது என்று பதிவு செய்தது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

பிறகு சிலேட்டு மலிவாகக் கிடைத்தது. லண்டனிலும் மணல் போனது, நம் ஊரிலும் போனது. பெல்லின் முறையில் உலகம் பெரிதாகப் பேசியது பிள்ளைக்குப் பிள்ளை ஆசிரியராவதைத்தான். ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓட்டலாம் என்பதில் அரசுகளுக்கு ஆசை வந்தது. மணல் தட்டு அந்த முறையின் மலிவான துணைப்பொருள் என்ற அளவில் மறக்கப்பட்டது. எழுத்து வராத பிள்ளைக்கு அது என்ன செய்கிறது என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்பதே இன்னும் மருத்துவத்தின் கண்ணில் படவில்லை.

அது பட்டது 1896 நவம்பரில். இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடற்கரை ஊரில் மருத்துவராக இருந்த பிரிங்கிள் மார்கன், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். விளையாட்டில் சளைக்காதவன், சுட்டி. படிப்பும் எழுத்தும் மட்டும் வரவில்லை. தன் பெயரான பெர்சியை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. டிஸ்லெக்சியா என்று இன்று சொல்வதைப் பிறவியிலேயே வருவதாக விவரித்த முதல் குறிப்புகளில் இது ஒன்று. என்னை இன்றும் தொடுவது மருத்துவரின் கணிப்பைவிட அந்த ஆசிரியரின் பார்வை. பையனின் கைக்குப் பின்னால் இருந்த மூளையை அவர் பார்த்துவிட்டார்.

இதற்கிடையில் ரோமில் வேறொரு ஊற்று. மரியா மாண்டிசோரி 1900 வாக்கில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை பார்த்தார். இட்டார், செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் விட்டுப்போன குறிப்புகளைப் படித்து, பிள்ளைகள் தடவிப் பார்க்க மரத்தில் எழுத்துகள் செய்தார். 1907இல் சான் லொரென்ஸோ சேரியில் குழந்தைகள் இல்லம் தொடங்கியபோது அது உப்புத்தாளில் வெட்டிய எழுத்தானது. சொரசொரப்பான எழுத்தின் மேல் இரண்டு விரலை ஓட்டிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். அதே மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க வேண்டி வந்தது, அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். விரலால் தடவி எழுத்தைக் கற்பது ஐரோப்பியப் பெயரோடு தமிழ்நாட்டுக்குள் வந்தது அப்போது.

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் 1925இல் அயோவா மாநிலப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, எழுத்துக் குழப்பத்துக்குக் காரணம் மந்த புத்தி அல்ல என்று எழுதினார். அவரோடு வேலை செய்த அன்னா கில்லிங்ஹம், 1930களில் பெஸ்ஸி ஸ்டில்மனுடன் சேர்ந்து பார்த்தல், கேட்டல், தொடுதல் மூன்றையும் பிணைத்த பாடமுறையைத் தொகுத்தார். மணல் தட்டு இன்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மரபோடுதான்.

ஆனால் எழுதுவது என்ற வேலைக்குள் ஆழமாக இறங்கியவர் கிரேஸ் ஃபெர்னால்ட் என்று எனக்குப் படுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1921 முதல் சிகிச்சைப் பள்ளி நடத்தியவர். பிள்ளைக்கு வேண்டிய சொல்லை அதுவே தேர்ந்தெடுக்கும். ஆசிரியர் கிரேயானில் பெரிதாக எழுதித் தருவார். பிள்ளை சொல்லைச் சொல்லிக்கொண்டே விரலால் அதன் மேல் எழுதிப் பார்க்கும், எத்தனை முறை வேண்டுமானாலும். பிறகு தாள் மறைக்கப்படும். பார்க்காமல் எழுத வேண்டும். தவறினால் தவறான எழுத்தை மட்டும் அழித்து ஒட்டுப்போடக் கூடாது. அது மறைந்துபோக வேண்டும், முழுச் சொல்லையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பார்த்து எழுதுவதற்கு அவர் முறையில் இடமே இல்லை. விரல், வாய், நினைவு, அழிப்பு. தென்னார்க்காட்டுத் திண்ணையில் நடந்ததும் இதே நாலுதான். ஃபெர்னால்டுக்குத் திண்ணை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தடுமாறும் பிள்ளையின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்தவர்கள் வெவ்வேறு கண்டங்களில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவானது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்குத் தனிக் கற்பித்தலும் நடத்திவரும் அமைப்பு அது. 2007 டிசம்பரில் ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்தபோது, எழுத்து வராத சிறுவன் ஒருவனுக்கு மணல், வண்ணம், களிமண் என்று விதவிதமாகக் கற்பிப்பதை நாடே பார்த்தது. எழும்பூரிலிருந்து கப்பலேறிப் போனது புதுப் பெயரோடு சென்னைக்குத் திரும்பிவிட்டது. கண்டாச்சிபுரம் வரைக்கும் வந்ததா என்பது வேறு கேள்வி.

அதற்கு முன் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பழமையானது என்பதற்காகவோ நம்முடையது என்பதற்காகவோ ஒரு முறையைப் பிள்ளையின் மேல் சுமத்தக் கூடாது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வர்ஜினியா பெர்னிங்கரும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. கையெழுத்தில் தடுமாறும் முதல் வகுப்புப் பிள்ளைகள் 144 பேரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு எழுத்தைப் பார்த்து எழுதியது. ஒன்று ஆசிரியரின் கையசைவைப் பார்த்துச் செய்தது. ஒன்று எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று எண் போட்ட அம்புக்குறிகளைப் பார்த்தது. ஒன்று எழுத்தைப் பார்த்துவிட்டு மறைத்து நினைவிலிருந்து எழுதியது. இன்னொன்று அம்புக்குறியை ஊன்றிப் பார்த்து, பிறகு மறைத்து, நினைவிலிருந்து எழுதியது. இந்தக் கடைசிக் குழுவே முந்தியது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் சொந்தமாக வாக்கியம் எழுதுவதிலும் முன்னேறினார்கள். எழுத்தை உருவாக்கக் கை திணறாதபோதுதான் மனம் சொல்ல வந்ததை நோக்கிப் போகிறது. ஸ்டீவ் கிரஹாமும் கேரன் ஹாரிஸும் பல ஆண்டு ஆய்வில் இதையே வலியுறுத்தினார்கள்: கையெழுத்தைக் கற்பிப்பது அழகுக்காக அல்ல, கட்டுரை எழுத வைப்பதற்காக.

2012இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் இன்னும் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைகள் 15 பேரை வைத்துப் பார்த்தார்கள். சில எழுத்துகளைத் தாங்களாக எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு ஸ்கேன் செய்தபோது, படிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் தெளிவாக வேலை செய்தது தாங்களாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான். புள்ளிக்கோட்டின் மேல் பென்சில் ஓட்டும் பயிற்சிப் புத்தகங்களை வாங்கி அடுக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோட்டின் மேல் ஓட்டுவது தொடக்கம் மட்டுமே. பிள்ளை அதை விட்டு இறங்கித் தானாக எழுதுகிற கணத்தில்தான் கற்றல் நடக்கிறது.

தொடுதலுக்கும் தனியாக ஆதரவு உண்டு. பிரான்ஸில் ஃபுளோரன்ஸ் பாராவும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளை விரலால் தடவி அறிந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நன்றாகப் பிடித்தார்கள். அதே சமயம் 2021இல் ஆர்ட்டன்-கில்லிங்ஹம் வகைப் பாடமுறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மற்ற முறைகளைவிட இது உறுதியாக மேல் என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் இல்லை என்றார்கள். மணலுக்கென்று தனி மகிமை இல்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன். பிள்ளை மணலில் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் எழுதிய தடத்தில் விரலை ஓட்டிவிட்டு எழுந்துபோனால் பயன் குறைவு. அழித்துவிட்டு, பாராமல், சொல்லிக்கொண்டே எழுதினால் பயன் உண்டு. தவறினாலும் சாட்சி இல்லை என்பது இன்னொரு பயன். நோட்டில் சிவப்பு மை நிற்கும், அடுத்த பக்கம் புரட்டினாலும் தெரியும். பத்து முறை தவறும் பிள்ளைக்கு மணலில் பத்துத் தவறும் இல்லாமல் போகின்றன. பதினொன்றாவது முறை எழுத மனம் இருக்கிறது.

இப்போது கண்டாச்சிபுரத்துக்கு வருவோம். முகையூர் ஒன்றியத்தின் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லச் சொன்னால் சொல்வான். மனக்கணக்கில் தவறமாட்டான். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் ஒரு வரிக்குப் பத்து நிமிடம், அதிலும் ‘கு’ இருக்கும் இடத்தில் ‘சு’, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவனுக்குக் கிடைக்கும் மருந்து ஒன்றே ஒன்று: பத்து தரம் பார்த்து எழுது. மேலே சொன்ன பெர்னிங்கர் ஆய்வில் பார்த்து எழுதுவது பின்தங்கிய முறை. ஃபெர்னால்ட் அதை அடியோடு விலக்கினார். நாம் இன்றும் அதைத் தண்டனையாகவும் மருந்தாகவும் ஒருசேரக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்ற பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டு நகர்வது அதற்கு அடுத்த பிழை.

தமிழ் எழுத்து இந்தப் பிள்ளைக்கு வைக்கும் சோதனை ஆங்கிலம் வைப்பது அல்ல. எழுதியபடி படிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் 247 எழுத்து. ல, ள, ழ, ர, ற, ன, ண, ந. கெ, கே, கை என்று எழுதும்போது பின்னால் ஒலிப்பதன் குறி முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’ என்றால் ஒரே உயிரொலிக்கு இரண்டு துண்டு, மெய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எல்லாவற்றையும்விடக் கடினம் உகர வரிசை. கு, சு, டு, து, பு, மு: ஒரே ஒலி, மெய்யைப் பொறுத்து வெவ்வேறாக ஒட்டிக்கொள்கிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கியது கற்கும் பிள்ளைக்குச் செய்த பேருதவி. உகர வரிசை அப்படியே நின்றுவிட்டது. கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை எழுத்துகளைக் கற்றுமுடிக்க ஆங்கில அகர வரிசையைவிட மிக நீண்ட காலம், தொடக்கப் பள்ளியின் பெரும்பகுதி, ஆகிறது என்று காட்டியது. தமிழுக்கும் அது பொருந்தும் என்றே ஆசிரியர்களின் அனுபவம் சொல்லும். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் கருவியை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் முதலில் வெளியிட்டது. அந்த நான்கில் தமிழ் இல்லை.

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுகட்ட வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. தெருவில், திண்ணையில், கோயில் வாசலில் பக்கத்து வீட்டு அக்கா வகுப்பெடுத்தார். அடுத்த ஆண்டு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கு எத்தனையோ பள்ளி, எத்தனையோ வகைக் குறைபாடு. ஆகவே தட்டு வகுப்பறையிலேயே இருக்க வேண்டும், வகுப்பாசிரியரின் கையில்.

செலவு என்று எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு போதும். அடியில் கறுப்புத் தாள் ஒட்டினால் கோடு பளிச்சென்று தெரியும். கல் குவாரிப் பக்கத்து எம்-சாண்ட் வேண்டாம், அதன் துகள் கூர்மை. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் ரவை நன்றாக வேலை செய்யும். உப்பு சிலர் சொல்வார்கள். விரலில் கீறல் இருந்தால் எரியும், வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ‘கு’ என்றால் ஆசிரியை முதலில் பெரிதாக எழுதி, விரல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று வாயால் சொல்லிக் காட்டுவார். பிள்ளை ‘கு’ என்று சொல்லிக்கொண்டே அதே தடத்தில் இரண்டு மூன்று முறை விரலை ஓட்டும். பிறகு குலுக்கி அழித்து, கண்ணை மூடி எழுத்தை மனதில் பார்க்கச் சொல்லி, சில நொடி காத்திருந்து எழுதச் சொல்ல வேண்டும். அந்தச் சில நொடிக் காத்திருப்பை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். அதுதான் மருந்து. சரியாக வந்தால் உடனே ‘குடம்’, ‘குருவி’ என்று சொல்லுக்குள் அந்த எழுத்தைக் கொண்டுபோக வேண்டும். ‘சு’வை அன்றே பக்கத்தில் வைக்கக் கூடாது. ‘கு’ உறுதியாகிச் சில நாள் போகட்டும். பக்கத்து இருக்கைப் பிள்ளையையே ஃபிரிஸ்கனாக்கலாம். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கும் எழுத்து உறுதியாகும்.

மணலால் முடியாததும் உண்டு. விரலால் எழுதுவது பென்சில் பிடியைப் பழக்காது. அதற்குச் சுண்டு விரல் நீளத்துக்கு உடைத்த குட்டைப் பென்சில் நல்லது. முழுக் கையால் பிடிக்க இடமிராது, மூன்று விரல் தானாகச் சேரும். எழுத்து மணலில் உறுதியானதும் அதே வாரம் இரட்டைக்கோடு நோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிள்ளை சொல்லும் கதையில் ஒரே ஒரு வரியையாவது அன்றன்றைக்கு அதன் கையாலேயே எழுத வைக்க வேண்டும். எழுத்துப்பிழையை அந்த வரியில் திருத்தாமல் மறுநாள் மணலுக்குக் கொண்டுபோகலாம்.

இவ்வளவும் செய்தும் கை பணியாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. டிஸ்லெக்சியாவோடு, எழுதுவதில் வரும் குறைபாடான டிஸ்கிராஃபியாவும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுத முடியாத தேர்வருக்கு 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லி, சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் தர வேண்டிய கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது தவறு என்றும் சொன்னது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெற வழி இருக்கிறது. மருத்துவச் சான்று வேண்டும் என்பதால் எட்டாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. இதைத் தெரிந்துவைத்திருக்கும் தலைமையாசிரியர், கூலி வேலைக்குப் போகும் பெற்றோரை ஒரு நாள் சம்பளம் போகாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, விழுப்புரம் போய்வரும் வழியையும் சொல்லி அனுப்ப வேண்டும்.